செவ்வாய்க்கிழமைக் கோப்பு

"திரையில காட்டுதத நம்பலாமா, நம்பக் கூடாதா? அத மட்டும் சொல்லு செலஸ்டி. மத்ததெல்லாம் பெறவு பேசிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு கனகமணி டாக்டர் போய்விட்டார். கதவு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம் என்று யாரோ சலுகை கொடுத்ததுபோல செலஸ்டினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் இருக்கும் இந்த ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் என்று சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு. பிரிண்டரில் தாள் சிக்கினாலும் அவள்தான், தூத்துக்குடி முழுவதும் ரத்தம் கொடுத்தவர்களின் விவரம் அடங்கிய தகவல் தளம் படுத்துக்கொண்டாலும் அவள்தான். சற்று முன்பு அதுதான் படுத்துக்கொண்டது. கரண்ட் போனது, தாங்கிப் பிடிக்க வேண்டிய பேட்டரியும் கூடவே போனது, பேசிக்கொண்டிருந்த ஆள் பாதிப் பேச்சில் மயங்கி விழுவதுபோல சர்வர் விழுந்தது. இப்போது எழுந்துவிட்டது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்கிறது. திரையில் மூன்று பைகள். மூன்றும் ஓ நெகட்டிவ், கிடைப்பதற்கு அரிய ரத்தம். இரண்டு பைகளுக்கு நேரே 'கொடுக்கலாம்', ஒன்றுக்கு நேரே 'நிறுத்திவை'. நிறுத்திவை என்றால் அந்த ரத்தத்தில் ஏதோ கிருமி இருக்கிறது என்று சோதனை சொல்கிறது. அந்த முடிவுகள் பதிவானது கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால். சோதனை இயந்திரத்தின் சொந்த நினைவு அதே கரண்டோடு போய்விட்டது. இனி மறுபடி சோதித்தால் வெயில் சாயும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த தெரு மகப்பேறு ஆஸ்பத்திரியில் பேச்சிக்கனி என்று ஒரு பெண், குழந்தை பிறந்தபின் ரத்தம் நிற்காமல் கிடக்கிறாள். அவளுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. கீழே அவளுடைய ரத்தத்தையும் பையிலிருக்கும் ரத்தத்தையும் சேர்த்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அது முடிவதற்குள் செலஸ்டினா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதவு நின்றுவிட்டது.

கறுப்புத் திரையைத் திறந்தாள். வெள்ளை எழுத்து, கண் சிமிட்டும் ஒரு சின்னக் கட்டம். சர்வர் தனக்கு நடக்கும் எல்லாவற்றையும் லாக் என்ற குறிப்பில் தானே எழுதி வைத்துக்கொள்கிறது, யார் வந்தார்கள், யார் போனார்கள், எங்கே இடறினேன், எப்போது விழுந்தேன் என்று வரி வரியாக. ஆயிரக்கணக்கான வரிகள். அத்தனையையும் ஒரு மனுஷி உட்கார்ந்து படிக்க முடியாது என்பதற்காகத்தான் கிரெப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இந்தச் சொல் இருக்கிற வரியை மட்டும் எடுத்துக் கொடு என்றால் எடுத்துக் கொடுக்கும். இல்லையென்றால் ஒன்றும் பேசாது. இல்லை என்றுகூடச் சொல்லாது. அந்தப் பேசாமைதான் அவளுக்கு எப்போதும் பிடிக்காதது. மகள் ஜெனோவாவுக்குச் சாளை மீனில் முள் எடுத்துக் கொடுக்கும்போது இப்படித்தான், விரலால் நெருடி நெருடிப் பார்த்து, ஒன்றும் தட்டுப்படாமல், ஒன்றும் தட்டுப்படாததாலேயே நம்பிக்கை வராமல், மறுபடி நெருடுவாள். மீன் மாவாகிவிடும். அம்மா போதும், நானே தின்னுக்கிடுதேன் என்று பிள்ளை தட்டை இழுக்கும். பிள்ளைக்கு இன்று காய்ச்சல் இல்லை. காலையில் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினாள், சில்லென்று இருந்தது. இல்லை, சில்லென்று இருந்தது தன் கையாக இருக்குமோ, பாத்திரம் கழுவிய கை. ஏன் இப்போது அது. கட்டளையை அடி. பேனிக் என்று அடித்தாள். இந்தத் தகவல் தளத்தின் அகராதியில் ஆகக் கடைசிச் சொல் அதுதான், பதற்றம் என்று அர்த்தம். இனி என்னால் ஆகாது, கையை விடுகிறேன் என்று அது சொல்லும்போது மட்டும் பயன்படுத்தும் சொல். மனிதர்கள் பால் பொங்கி வழிந்தாலே சொல்லிவிடுகிறார்கள், இயந்திரம் எவ்வளவு சிக்கனமாக வைத்திருக்கிறது. என்டர். ஒன்றும் வரவில்லை. சின்னக் கட்டம் அடுத்த வரியில் போய் நின்று கண் சிமிட்டியது.

நல்லது. நல்லதா. அடுத்து ஃபேட்டல். அவள் விரல் பட்டதும் திரை மடமடவென்று நிரம்பியது, ஃபேட்டல், ஃபேட்டல், ஃபேட்டல், உயிர் போகிற பிழை, உயிர் போகிற பிழை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையில் அவளுக்குக் காதோரம் வியர்த்தது. முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த அறை அது. இன்னும் சலவை சோடாவின் வாசனை சுவரில் இருக்கிறது, பயப்படும்போதெல்லாம் அந்த வாசனை அதிகமாகிவிடும். படி செலஸ்டி, படிக்காமல் பயப்படாதே. படித்தாள். 'தகவல் தளம் இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறது' என்று எல்லா வரியும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னது. கீழே இருக்கும் கம்ப்யூட்டர்களெல்லாம் சர்வர் எழுவதற்கு முன்பே கதவைத் தட்டியிருக்கின்றன, இரு, எழுந்திருக்க விடு என்று அது எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவ்வளவுதான். இதற்குப் போய் உயிர் போகிற பிழை என்று பெயர் வைத்தவனை என்ன செய்வது. பேச்சிக்கனி. வயது இருபத்தாறு என்று ரத்தம் கேட்டு வந்த சீட்டில் இருந்தது. இரண்டாவது பிரசவம், ஊர் முத்தையாபுரம். முதல் பிள்ளை எங்கே இருக்கும் இப்போது, யாரிடம் இருக்கும், பெரிய பிள்ளையென்று சொல்லி யாராவது தட்டில் சோறு வைத்திருப்பார்களா. எரர் என்று அடித்தாள்.

இதில்தான் கூட்டம். எரர் என்பது சாதாரணப் பிழை, தினமும் வருவது. ஒரே பையை இரண்டு தடவை பதிவு செய்யப் பார்த்தால் தகவல் தளம் மறுத்து ஒரு வரி எழுதும். அந்த வரிகள்தான் பக்கம் பக்கமாக வந்தன, எல்லாம் இசக்கிராஜின் கைவேலை. ஆய்வகத்தில் பைகளைப் பதிவு செய்கிறவன் அவன். பையின் பார்கோடை ஒரு தரம் வாசித்துவிட்டு, பீப் என்ற சத்தம் தன் காதில் விழவில்லை என்று மறுபடி வாசிப்பான். நாலைந்து மாதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து அவன் தலை தெரிந்தது.

"அக்கா, டாக்டர் பாத்துட்டு வரச் சொன்னாவ. என்னா, ஆயிட்டா?"

"இன்னும் இல்லடே. நீ ஒண்ணு சொல்லு. அந்த மூணு பையும் நீதான ஏத்துன? மூணுக்கும் சேவ் ஆனதப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. பச்ச எழுத்து வந்துச்சு. வந்து, அடுத்த பைய எடுக்கதுக்குள்ள கரண்டு போயிட்டு."

"நல்லாத் தெரியுமா பச்ச வந்துச்சுன்னு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். அந்தக் கொஞ்சம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "வந்துச்சுக்கா" என்றான். "இன்னைக்கி சட்டுனு வந்துச்சு. முந்தி மாதிரி சுத்திக்கிட்டே இல்ல. நீங்க என்னமோ சரி பண்ணுனீங்கள்லா, செவ்வாக்கெழம, அதுலருந்து வேகமாத்தான் இருக்கு." அவன் தலை மறைந்தது. கதவு மறுபடி ஆடத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை. ஆடுகிற கதவோடு அந்தச் சொல்லும் ஆடியது. டாக்டர் வந்து நின்றதிலிருந்து அவள் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்டிருந்த இடம் அதுதான், பல்வலி இருக்கும் பக்கம் நாக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுபோல. நாக்கு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அவள் இரண்டு கறுப்புத் திரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று இந்த உண்மையான சர்வர், இன்னொன்று சோதித்துப் பார்ப்பதற்காக மூலையில் வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர். பதிவு செய்ய நேரமாகிறது என்று கீழே எல்லோரும் முனகினார்கள், ஏன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தகவல் தளத்தில் ஒரு அமைப்பு உண்டு, அவள் அதைத் திருகாணி என்பாள். எழுதியது ஹார்ட் டிஸ்கில் உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொரு தடவையும் நின்று உறுதி செய்துகொள்ளும் வேலை அது, அதனால்தான் தாமதம். அதை அணைத்துவிட்டால் சிட்டாகப் பறக்கும். ஆனால் அணைத்த நிலையில் கரண்ட் போனால், எழுதியது பாதி, எழுதாதது பாதி, எது எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்லும். அதனால் அதைச் சோதனைக் கம்ப்யூட்டரில் மட்டும் அணைத்துப் பார்ப்போம் என்று நினைத்தாள். நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அணைத்தது ஞாபகம் இருக்கிறது. விரல் என்டரைத் தட்டியது ஞாபகம் இருக்கிறது. தட்டியபோது எந்தத் திரை முன்னால் இருந்தது என்பதுதான் இல்லை. தட்டிய அதே நேரத்தில் போன் அடித்தது, ஜெனோவாவின் பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க என்று. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். ஓடியதற்குப் பிறகு உள்ளதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆட்டோவின் கிழிந்த சீட், உப்பு லாரிக்குப் பின்னால் நகராமல் நின்றது, பள்ளி வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையின் சிவந்த காதுகள். அதற்கு முன்னால் ஒரு திரை, கறுப்பு, வெள்ளை எழுத்து, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் இரட்டைப் பிள்ளைகள். மறுநாள் வந்து மாற்றியதை மாற்றினாளா. மாற்றினாள், சோதனைக் கம்ப்யூட்டரில். அங்கே அது அணைந்துதான் இருந்ததா, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததா, பார்த்தாளா. பார்க்காமல் எழுதினாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், வந்து பார்க்காமல் மறுபடி திருகுகிறாள். இன்றைக்குச் சட்டென்று வந்தது என்கிறான் இசக்கிராஜ். செவ்வாயிலிருந்து வேகமாக இருக்கிறது என்கிறான்.

இரு. ஒன்றொன்றாக. விழுந்து எழுந்தபோது என்ன எழுதி வைத்திருக்கிறது, முதலில் அதைப் பார். பார்த்தாள். 'முறையாக அணைக்கப்படவில்லை, நானே சரி செய்துகொள்கிறேன்.' சரி. 'இந்த இடத்திலிருந்து திரும்பச் செய்கிறேன்.' சரி, விழுவதற்கு முன் குறித்து வைத்ததையெல்லாம் முதலிலிருந்து மறுபடி செய்து பார்க்கிறது. அடுத்த வரி, 'செல்லாத நீளம், வேண்டியது இருபத்து நான்கு, கிடைத்தது பூஜ்யம்.' தெரியும், தெரியும், இது பிழை இல்லை. இந்த வரியைச் சென்னையில் வேலை பார்த்த காலத்திலிருந்து தெரியும். குறிப்பைப் படித்துக்கொண்டே போய், அடுத்த குறிப்பு இருக்கும் என்று கை நீட்டி, அங்கே வெற்றுத் தாள் இருப்பதைத்தான் அது இப்படிச் சொல்கிறது, செல்லாத நீளம் என்று. இவ்வளவுதான் எழுதியிருக்கிறது, இதற்கு மேல் எழுதவில்லை, அதுதான் அர்த்தம். ஆனாலும் செல்லாத என்ற சொல் செல்லாத என்ற சொல்தான். கிடைத்தது பூஜ்யம். ஜெனோவா பிறந்தபோது அழவில்லை, அந்தக் கொஞ்ச நேரம் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை, தலைமாட்டில் நின்ற நர்ஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதது, அழுகையா அது, பூனை மாதிரி. பேச்சிக்கனியின் பிள்ளை அழுதிருக்கும். அழுத பிள்ளையை யாரோ துணியில் சுற்றி வைத்திருப்பார்கள், அம்மாவிடம் கொடுக்க முடியாமல். அடுத்த வரி. 'திரும்பச் செய்தது முடிந்தது. கடைசியாகப் பதிந்த நேரம்' என்று போட்டு ஒரு நேரம் இருந்தது. மூன்று பைகளின் நேரத்தோடு அதை ஒப்பிட்டாள். பைகள் முதலில், இது பிறகு. அப்படியென்றால் மூன்றும் உள்ளே வந்துவிட்டன. வந்துவிட்டன என்று அது சொல்கிறது. அந்தத் திருகாணி எரிந்துகொண்டிருந்திருந்தால் அது சொல்வது உண்மை. அணைந்திருந்தால் சொல்வதற்கு என்ன, எதையும் சொல்லும்.

ஆகவே அதைத்தான் கேட்க வேண்டும். ஒரே ஒரு கட்டளை. இப்போது எரிகிறதா, அணைந்திருக்கிறதா. அடித்தாள், என்டருக்கு மேல் விரல் நின்றது. சுண்டுவிரல் நகத்தில் மஞ்சள் கறை, நேற்றைய குழம்பு. தட்டினாள். 'ஆன்.' எரிகிறது. அப்பா, என்று மூச்சு பாதி வெளியே வந்தது, மீதிப் பாதியை மனம் பிடித்துக்கொண்டது. இப்போது எரிகிறது, சரி. விழுந்தபோது? விழுந்து எழும்போது எல்லாம் தொடக்க நிலைக்குப் போயிருந்தால்? செவ்வாய்க்கிழமை அவள் தற்காலிகமாக மாற்றியிருந்தால்? அப்படி மாற்ற முடியாது, கோப்பில் எழுதித்தான் மாற்ற முடியும். முடியாது என்று படித்திருக்கிறாள். படித்தது எப்போது. சரி, வேண்டாம், ஞாபகத்தை நம்ப வேண்டாம், ஞாபகம்தான் இவ்வளவுக்கும் காரணம். யாராவது அதன் அமைப்பைத் தொட்டால் சர்வர் எழுதி வைக்குமே, இன்னது இப்படி மாற்றப்பட்டது என்று. அந்தத் திருகாணியின் பெயரைத் தேடு. கிரெப். பெயர். என்டர். ஒன்றும் இல்லை. சின்னக் கட்டம் கண் சிமிட்டியது. இல்லை என்றால் இல்லை என்று சொல்லித் தொலையேன். கணவன் ரெமிஜியுஸுக்கு அனுப்பிய செய்தி இப்படித்தான் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, போய்ச் சேர்ந்தது என்றும் இல்லை, சேரவில்லை என்றும் இல்லை. சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை அவனுக்கு. நடுக்கடலுக்குப் போனா சிக்னல் போயிரும், பயப்படாத என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போகிறான், அவளும் பயப்படவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குகிறாள், பார்த்துக்கொண்டு சாம்பார் தாளிக்கிறாள். பேசாமல் இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது பேசாமல் இருப்பதை வைத்துத் தெரியாது. தேடிய ஆள் சரியான இடத்தில் தேடினாளா என்பதை வைத்துத்தான் தெரியும். சரியான இடம். செலஸ்டினா திரையை நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கோப்பில் தேடினாள்? இன்றைய கோப்பில். சனிக்கிழமைக் கோப்பில் உட்கார்ந்துகொண்டு செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிழமைக்கு ஒரு கோப்பு. அடுத்த செவ்வாய் வந்தால் பழைய செவ்வாய் அழிந்துவிடும், இன்னும் வரவில்லை. இருக்கிறது.

கீழே யாரோ ஓடும் சத்தம். பாட்டில்கள் உரசும் சத்தம். அவள் தேட வேண்டிய பெயரை அழித்துவிட்டு, பொதுவாக, அமைப்பு மறுபடி வாசிக்கப்பட்டது என்று வரும் எல்லா வரியையும் கேட்டாள், செவ்வாய்க்கிழமைக் கோப்பில். என்டர். ஒரு வரி வந்தது. வராமலிருந்தால் என்ன, அது வந்தது. செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்த அந்த நேரம், அந்த நேரமேதான், 'அமைப்புக் கோப்பு மறுபடி வாசிக்கப்படுகிறது'. இந்த சர்வரில். சோதனைக் கம்ப்யூட்டரில் அல்ல, இதில். இதில் அவள் எதையோ மாற்றியிருக்கிறாள். காதுக்குள் ஒரு இரைச்சல், ஏ.சி.யா, தன் ரத்தமா. இனி என்ன சொல்வது டாக்டரிடம், நம்ப வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் திருநெல்வேலிக்குப் போன் போடுவார், அங்கிருந்து ரத்தத்தோடு வண்டி புறப்பட்டு, வல்லநாடு தாண்டி வந்து சேர்வதற்குள் முத்தையாபுரத்து வீட்டுக்கு வேறு மாதிரி ஒரு போன் போகும். அவள் செய்த காரியத்தால். எந்தத் திரை என்று பார்க்காமல் தட்டிய ஒரு விரலால். விரலைப் பார்த்தாள். விரல் தானாகவே மேலே போகிற அம்புக்குறிச் சாவியைத் தட்டி, போன கட்டளையை எடுத்து, அதோடு ஒரு எழுத்தையும் எண்ணையும் சேர்த்துக்கொண்டிருந்தது, கிடைத்த வரிக்கு அடுத்து வரும் வரிகளையும் சேர்த்துக் காட்டு என்று. பயம் ஒரு பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, விரல் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்தது. என்டர். மறுபடி அதே வரி. அதற்குக் கீழே இன்னொன்று. மாற்றப்பட்டது என்ன என்று அதில் இருந்தது. மெதுவாக நடக்கும் வேலைகளைக் குறித்து வை என்ற அமைப்பு. அவ்வளவு. எது தாமதமாகிறது என்று கண்டுபிடிப்பதற்காக, தெரிந்தே, வேண்டுமென்றே, இந்த சர்வரில் அவள் மாற்றியது. ஆமாம், மாற்றினாள், இதைத்தான் மாற்றினாள், இங்கே, போன் அடித்தது இதைத் தட்டியபோதுதான். திருகாணியைத் தொட்டது அதற்கு முன்னால், காலையில், டீ வந்த நேரம், மூலைக் கம்ப்யூட்டரின் சாவிப்பலகையில், எஃப் எழுத்து தேய்ந்துபோன அந்தப் பலகையில். அந்தத் தேய்ந்த எழுத்து விரல் நுனிக்கு இப்போது ஞாபகம் வந்தது. இருந்தாலும் ஞாபகத்தை நம்பக் கூடாது. வாரத்தின் எல்லாக் கோப்புகளிலும் திருகாணியின் பெயரைத் தேடினாள். ஒன்றும் இல்லை. தேடல் செத்துப்போய்விடவில்லையே என்று, இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தேடினாள், இசக்கிராஜின் இரட்டைப் பதிவு. கொட்டோ கொட்டென்று கொட்டியது. கண் இருக்கிறது, பார்வை இருக்கிறது. மறுபடி திருகாணி. ஒன்றும் இல்லை. இப்போது அந்த ஒன்றும் இல்லை, உண்மையான ஒன்றும் இல்லை. அப்புறம் வேகம்? புதன்கிழமை காலையில் அந்தக் குறிப்புகளைப் பார்த்து, தேவையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தேடலுக்கு வழி போட்டுக் கொடுத்தாளே, அந்த வேகம். தானே செய்த நல்ல வேலையைக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போனை எடுத்தாள். டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.

"டாக்டர், நம்பலாம்."

அந்தப் பக்கம் ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரம் சுழன்று ஓயும் ஓசை.

"நம்பலாமா? இல்ல, நம்பலாம்னு நெனக்கியா?"

அவள் திரையைப் பார்த்தாள். கட்டம் கண் சிமிட்டியது. "நம்பலாம் டாக்டர். மூணு பையும் கரண்டு போறதுக்கு முன்னாலயே முழுசா உள்ள போயிட்டு. ஒண்ணும் கலையல. நான் பாத்துட்டேன்."

"சரி" என்றார் டாக்டர். வைத்துவிட்டார். இவ்வளவு பெரிய பயத்துக்கு அவ்வளவு சின்னச் சொல்.

சொன்னபிறகு அறை காலியானதுபோல இருந்தது. தண்ணீர் குடிக்க வேண்டும். டம்ளரை எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளி, படியிறங்கிக் கீழ் வராந்தாவுக்கு வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது, கடல் காற்றில் உப்பு, சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. சரியாகத்தானே சொன்னோம். சரியாகத்தான். அந்தப் பூஜ்யம்? அது முடிவு, பிழை இல்லை. அந்தக் கடைசி நேரம்? பைகளுக்குப் பிறகு. இரண்டு 'கொடுக்கலாம்', ஒரு 'நிறுத்திவை'. எந்தப் பையை எடுப்பார்கள், சரியான பையைத்தான் எடுப்பார்கள், டாக்டர் தானே பார்த்து எடுப்பார். குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள். மாடிப்படியின் அடியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், கைலி, ஒரு பொத்தான் போடாத சட்டை, மார்போடு அணைத்த ஐஸ் பெட்டி. முகம் வெளுத்து, தாடை இறுகி, யாரோ தட்டினால் உதிர்ந்துவிடுவான் போல இருந்தான். உள்ளேயிருந்து பைகள் வந்தன. இசக்கிராஜ் எண்ணைச் சத்தமாக வாசித்தான், டாக்டர் சத்தமாகத் திருப்பி வாசித்தார், இரண்டும் ஒன்றுதான் என்று இருவரும் தலையாட்டினார்கள். பெட்டிக்குள் போனது. மூடி விழுந்தது. அவன் திரும்பினான், வழியில் டம்ளரோடு செலஸ்டினா.

"கொஞ்சம் வழி விடுங்கக்கா."

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெட்டி அவள் முழங்கையில் உரசிப் போனது, குளிர்ந்த ஒரு கோடு. அவன் வாசலில் செருப்பை மாட்டாமலே ஓடினான். பேச்சிக்கனிக்கு என்ன உறவோ, அண்ணனோ, கொழுந்தனோ. தண்ணீரைக் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள், டம்ளர் காலியான பிறகும் உதட்டில் வைத்திருந்தாள்.

அறைக்குத் திரும்பி, செய்ய வேண்டிய மிச்ச வேலையைச் செய்தாள். ஒவ்வொரு அட்டவணையையும் தலை முதல் கால் வரை படிக்கச் சொல்லி, ஓட்டை உடைசல் உண்டா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு, அது ஓட நேரமாகும். ஓட விட்டாள். பேட்டரிக்காரருக்குப் போன் போட்டு, இன்னைக்கே வாங்கண்ணே, நாளைக்கி கீளைக்கின்னு சொல்லாதீங்க என்று சத்தம் போட்டாள். தன் சத்தம் தனக்கே புதிதாக இருந்தது. டப்பாவைத் திறந்தாள். உருளைக்கிழங்குப் பொரியல், எலுமிச்சைச் சோறு. காலையில் பசித்தது, அப்புறம் பசி எங்கேயோ போய், இப்போது மொத்தமாகச் சேர்ந்து திரும்பி வந்திருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள். இந்நேரம் ஏற்றியிருப்பார்கள். துளித் துளியாக இறங்கும், அவசரத்துக்கு அழுத்தி வேகமாகவும் இறக்குவார்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் நாற்காலியில் சாய்ந்து, கையை நீட்டி, ரப்பர் பந்தைக் கசக்கிக் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு போன ரத்தம். அவருக்கும் தெரியாது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமலே எப்படியோ நடந்துவிடுகிறது. ஏதாவது தப்பாகப் போனால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். தப்பாகப் போகவில்லை. போகவில்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கட்டளை ஓடிக்கொண்டிருந்தது, வரி வரியாக, சரி, சரி, சரி. அவள் அந்தச் சரிகளைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கை மென்றாள். எல்லாம் முடிந்து கட்டம் மறுபடி கண் சிமிட்டத் தொடங்கியபோது டப்பா காலி. கையைக் கழுவலாம் என்று எழுந்தாள், மேஜைமேல் போன் அடித்தது. எச்சில் கை. இடது கையால் எடுத்தாள்.

"செலஸ்டி." கனகமணி டாக்டர். மூச்சு வாங்கியது அவருக்கு. "நின்னுட்டு."

திரும்பிச் சர்வரைப் பார்த்தாள், பச்சை விளக்குகள் எரிந்தன. அப்படியென்றால் கீழே, கீழே ஏதோ. "எது டாக்டர்? சர்வரா? இங்க ஓடுதே, நல்லாத்தான் ஓடுது. இருங்க, நான் லாகைப் பாக்கேன், ஒரு நிமிஷம்."

அந்தப் பக்கம் டாக்டர் சிரித்தார். அழுவதுபோலவும் இருந்தது அந்தச் சிரிப்பு.

"ஏ பிள்ள, சர்வர் இல்ல. ரத்தம். அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நின்னுட்டு."